எடுப்பிச்சவர் யார்?

(தலைப்பு: தானாக முடிவெடுக்கும் கம்ப்யூட்டர் தவறு செய்தால் பொறுப்பு யாருக்கு? உருவாக்கியவருக்கா? ஏவியவருக்கா? – ‘ஏவியவருக்கே’ அணியின் நிறைவுரை)

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய நடுவர் அவர்களே! ‘உருவாக்கியவருக்கே பொறுப்பு’ என்று ஒரே குரலில் முழங்கிவிட்டு, இப்போது ஒன்றும் தெரியாதவர்கள் போல் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! இந்த அரங்கத்திலும் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற தமிழ்ப் பெருமக்களே! 

எனக்கு முன்னால பேசின பொறியாளர் சகோதரி ஒரு போடு போட்டாங்க. “தமிழ்ப் பேராசிரியருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? நன்னூல்ல கம்ப்யூட்டர் இருக்கா?”ன்னு கேட்டுக் கைதட்டலும் வாங்கிட்டாங்க. நன்னூல்ல கம்ப்யூட்டர் இல்லம்மா. ஆனா, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணினா யார் சட்டையைப் பிடிக்கணும் என்பதற்கு அதுல இலக்கணம் இருக்கு! (கைதட்டல்) கொஞ்சம் பொறுங்க, வர்றேன்.

எங்க அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு. குடும்ப ஓய்வூதியம் வாங்குறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ‘நான் உயிரோடதான் இருக்கேன்’னு நிரூபிக்கணும். ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். எந்த அலுவலகம்னு கேக்காதீங்க. அடுத்த வருஷமும் நான் அங்கதான் போயாகணும். (சிரிப்பு) கைரேகை வைக்கச் சொன்னாங்க. அறுபது வருஷம் பாத்திரம் தேய்ச்ச கை அய்யா அது. பாத்திரம் தேஞ்சதோ இல்லையோ, ரேகை தேஞ்சு போச்சு. மெஷின்ல சிவப்பு விளக்கு எரியுது. அங்க இருந்த தம்பி சொன்னார்: “சிஸ்டம் ஏத்துக்கலை சார்.”

“தம்பி, அம்மா உங்க எதிர்லதானே உக்காந்திருக்காங்க? நீங்க குடுத்த தண்ணியைத்தானே குடிக்கிறாங்க? உயிரோட இருக்கிறது தெரியலையா?”

“எனக்குத் தெரியுது சார். சிஸ்டத்துக்குத் தெரியலையே!” (பலத்த சிரிப்பு)

“சரி, யார்கிட்ட முறையிடணும்?” “ஆன்லைன்ல புகார் போடுங்க சார்.” “புகாரை யார் பார்ப்பாங்க?” “அதையும் சிஸ்டம்தான் பார்க்கும்!”

சிரிச்சிட்டோம். ஆனா அந்த வாக்கியத்தைக் கவனிங்க. ‘நான் மறுக்கிறேன்’னு அந்தத் தம்பி சொல்லலை. ‘எங்க மேலதிகாரி மறுக்கிறார்’னும் சொல்லலை. சிஸ்டம் ஏத்துக்கலையாம்! எழுவாய் இடத்துல ஒரு இரும்புப் பெட்டியை உக்கார வச்சுட்டு, மனுஷங்க எல்லாரும் வாக்கியத்தை விட்டு வெளியே போய் டீ குடிக்கிறாங்க.

அது வெறும் கைரேகை மெஷின். இப்ப வந்திருக்கிறது அதுக்குப் பெரியப்பா. ‘ஏஜெண்ட்’னு பேர். முன்னால எல்லாம் நாம கேள்வி கேட்டோம், அது பதில் சொல்லிச்சு. தப்பாச் சொன்னா சிரிச்சிட்டுப் போனோம். ஏஜெண்ட் அப்படி இல்லை. ‘இந்த வேலையை முடி’ன்னு சொல்லிட்டாப் போதும். அதுவே படிப்படியாத் திட்டம் போடும், கடிதம் அனுப்பும், டிக்கெட் வாங்கும், பணம் கட்டும், கோப்பைத் திறக்கும், வேண்டாம்னு தோணினா அழிக்கும். இன்னொரு ஏஜெண்டைக் கூப்பிட்டு வேலை வாங்கும். சுருக்கமாச் சொன்னா, வாய் மட்டும் இருந்ததுக்குக் கை முளைச்சிருக்கு. அந்தக் கையில நம்ம வீட்டுச் சாவிக்கொத்தையும் குடுத்திருக்கோம்.

இப்ப நன்னூலுக்கு வர்றேன். மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சின்னு பொருள் சொல்றார் பவணந்தி முனிவர். வாளால் வெட்டினான் – வாள் கருவி. அரசனால் கட்டப்பட்ட கோயில் – அரசன் கருத்தா. கருத்தாவிலயும் ரெண்டு உண்டு. தச்சனால் கட்டப்பட்டதுன்னா தச்சன் இயற்றுதற் கருத்தா. தன் கையால செய்றவன். அரசனால் கட்டப்பட்டதுன்னா அரசன் ஏவுதற் கருத்தா; ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டிருக்க மாட்டான், ஆனா அவன் ஏவாம ஒரு செங்கல்லும் ஏறியிருக்காது. “தாஜ்மகாலைக் கட்டியது யார்?”னு வாத்தியார் கேட்டாராம், பையன் “கொத்தனார்”னானாம். பழைய ஜோக்குதான். ஆனா பையன் சொன்னது தப்பில்லை. இயற்றுதற் கருத்தாவைச் சொல்லிட்டான், அவ்வளவுதான்! (சிரிப்பு, கைதட்டல்)

தஞ்சாவூருக்குப் போங்க. பெரிய கோயில் கல்வெட்டுல இராசராசன் ‘நாம் எடுத்த கோயில்’னு வெட்டலை. ‘எடுப்பிச்ச’ன்னு வெட்டியிருக்கான். எடுப்பித்த – பிறவினை! நான் செய்யலை, செய்ய வைத்தேன் என்று கல்லுல ஒத்துக்கிறான். அதே கோயில் கல்வெட்டுல தலைமைத் தச்சரின் பெயரும் இருக்கு – குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன். ஏவினவர் பெயரும் இருக்கு, இயற்றினவர் பெயரும் இருக்கு. உளியின் பெயர் மட்டும் இல்லை!

இன்னைக்கு என்ன நடக்குது? லாபம் வந்தா ‘நாங்க எடுப்பிச்சது’ன்னு முழுப்பக்க விளம்பரம். நட்டம் வந்தா ‘உளி தானாச் செதுக்கிடுச்சு’! (நீண்ட கைதட்டல்)

நான் கற்பனையாச் சொல்லலை. கனடா நாட்டுக்கு வாங்க. 2022 நவம்பர்ல அங்க ஒருத்தருக்குப் பாட்டி இறந்து போறாங்க. துக்கத்துக்குப் போறவங்களுக்குக் கட்டணச் சலுகை தர்ற வழக்கம் ஏர் கனடா விமான நிறுவனத்துல உண்டு. இவர் நிறுவனத்தின் இணைய தளத்துல இருந்த உரையாடல் எந்திரத்தைக் கேட்டார். ‘இப்ப டிக்கெட் வாங்கிட்டுப் போயிட்டு வாங்க, 90 நாளுக்குள்ள விண்ணப்பிச்சாச் சலுகையை வாங்கிக்கலாம்’னு அது சொல்லிச்சு. நம்பிப் போனார். திரும்பி வந்து கேட்டா, ‘பயணம் முடிஞ்ச பிறகு சலுகை கிடையாது, எங்க தளத்திலேயே வேறொரு பக்கத்துல அப்படித்தான் போட்டிருக்கு’ன்னுட்டாங்க. வழக்கு உரிமையியல் தீர்ப்பாயத்துக்குப் போச்சு.

அங்க அந்த நிறுவனம் வச்ச வாதம் இருக்கே, நடுவர் அவர்களே, அதைக் கேட்டா நம்ம ஊர் வக்கீல்களே வாயடைச்சுப் போவாங்க. அந்த உரையாடல் எந்திரம் தனி ஆளாம்! தன் செயலுக்குத் தானே பொறுப்பாம்! (சிரிப்பு) சம்பளம் குடுத்தீங்களா? இல்லை. லீவு குடுத்தீங்களா? இல்லை. ஆனா பழி வந்ததும் ‘அவன் வேற குடித்தனம் போயிட்டான் சார்’! (பலத்த சிரிப்பு) 2024 பிப்ரவரியில தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளிடுச்சு. தளத்துல உள்ள தகவல் ஒரு பக்கத்துல அச்சாகி வந்தா என்ன, எந்திரம் வாயால வந்தா என்ன, எல்லாத்துக்கும் நீதான் பொறுப்புன்னு தீர்ப்பு. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 812 டாலர் குடுக்கச் சொன்னாங்க. தொகை சின்னதுதான். ஆனா எதிரணி நண்பர்களே, தீர்ப்பு யார் மேல? அந்த எந்திரத்தை எழுதின நிரலாளர் மேலயா? இல்லை! வாசல்ல நிறுத்தி ‘வர்றவங்களுக்குப் பதில் சொல்லு’ன்னு ஏவினவர் மேல!

எதிரணித் தலைவர் இங்கிலாந்து அஞ்சலகக் கதையை உருக்கமாச் சொன்னார். ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள்ல கோளாறு. இருக்கிற பணம் இல்லைன்னு காட்டிச்சு. 1999-லிருந்து 2015 வரைக்கும் 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரங்க திருடங்கன்னு தண்டிக்கப்பட்டாங்க. உண்மை. நெஞ்சு வெடிக்கிற கதை. “செய்தது ஃபுஜிட்சு, ஆகவே உருவாக்கியவருக்கே பொறுப்பு”ன்னு முடிச்சார். அய்யா, கணக்கு தப்பாக் காட்டினது மென்பொருள். ‘இவர் திருடர்’னு முடிவு பண்ணினது யார்? ஃபுஜிட்சுவா கூண்டுல ஏத்திச்சு? சுமார் 700 வழக்குகளை அந்த அஞ்சல் நிறுவனமே தொடுத்தது! ஒவ்வொருத்தரும் ‘நான் எடுக்கலை’ன்னு அழறாங்க. நூத்துக்கணக்கான மனுஷங்க சொல்றது பொய், ஒரு பெட்டி சொல்றது மெய்னு நம்பினது ஏவினவர் எடுத்த முடிவு. தச்சரை விட்டுடுங்கன்னு நான் சொல்லவே இல்லை. தூண் சரிஞ்சா அவரையும் விசாரிக்கத்தான் வேணும். ஆனா சரிஞ்ச தூணுக்குக் கீழ நின்னவனைப் பிடிச்சு ‘நீதான் தள்ளினே’ன்னு ஜெயில்ல போட்டது தச்சர் இல்லையே!

இன்னொண்ணு. ஆஸ்திரேலியா. இதுல செயற்கை நுண்ணறிவே கிடையாது, வெறும் வகுத்தல் கணக்கு. இருந்தாலும் சொல்றேன், ஏன்னா ஏவுதல்னா என்னன்னு இதைவிடத் தெளிவா எனக்கு வேற எங்கயும் கிடைக்கலை. அங்க வேலை இல்லாதவங்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் அரசு உதவித்தொகை தருது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருமானத்தைச் சொல்லணும். 2015-இல் ஒரு திட்டம் அறிவிச்சாங்க. ‘ரோபோடெட்’னு மக்கள் பேர் வச்சாங்க. வருமான வரித் துறையில இருக்கிற ஒரு வருஷ வருமானத்தை எடுத்து, 26-ஆல வகுத்து, ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் இவ்வளவு சம்பாதிச்சிருக்கேன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். ஒரு பையன் ஆறு மாசம் வேலை பார்த்துட்டு ஆறு மாசம் சும்மா இருந்தா, சும்மா இருந்த காலத்திலயும் சம்பாதிச்சதாக் கணக்கு வரும்! ‘நீ அரசாங்கத்துக்குக் கடன்காரன், இல்லைன்னா நிரூபி’ன்னு ஓலை போகும். முன்னால ஒரு அதிகாரி முதலாளிகிட்ட விசாரிச்சு ஊர்ஜிதம் பண்ணுவார். அந்த அதிகாரியை நடுவுலேர்ந்து எடுத்துட்டாங்க.

நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க. 170 கோடி டாலருக்கும் மேல சட்டவிரோதக் கோரிக்கை. 2019-இல் நீதிமன்றத்துல திட்டம் நிக்கலை. 2023 ஜூலையில, முன்னாள் தலைமை நீதிபதி கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. நியாயமும் இல்லை, சட்டப்படியும் இல்லைன்னு சொல்லிச்சு. மகனைத் தற்கொலைக்குக் குடுத்த தாய்மார்கள் அந்த ஆணையத்துக்கு முன்னால வந்து சாட்சி சொன்னாங்க... (அமைதி)

இதுல கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிச்சா? பண்ணலை! வகுக்கச் சொன்னாங்க, சரியா வகுத்திச்சு. நிரல் எழுதினவன் தப்புப் பண்ணினானா? கேட்டதைக் குடுத்தான். இந்தச் சராசரிக் கணக்கு சட்டத்துக்கு ஒத்து வராதுன்னு 2014-லேயே அரசுத் துறைக்குள்ள சட்ட ஆலோசனை இருந்தது. தெரிஞ்சும் ஏவினாங்க. எதிரணி நண்பர்களே, இதுல உங்க ‘உருவாக்கியவரை’ எங்க போய்த் தேடுவீங்க?

உடனே ஒரு பதில் வரும். “அதனாலதான் சார், நாங்க நடுவுல ஒரு மனுஷரை வச்சிருக்கோம். கடைசிக் கையெழுத்து மனுஷர்தான் போடுறார்.” கேட்க நல்லாத்தான் இருக்கு. அந்த மனுஷர் கதியைப் பாருங்க.

2018 மார்ச் 18. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், டெம்பி நகரம். இரவு நேரம். ஊபர் நிறுவனத்தின் தானியங்கிக் கார் சோதனை ஓட்டத்தில் போகுது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி சாலையைக் கடக்கிறாங்க. மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்னாலேயே கார் எதையோ பார்த்துடுச்சு. ஆனா வாகனமா, வேறெதுவுமா, சைக்கிளான்னு மாத்தி மாத்தி யோசிச்சது. மனுஷர்னு மட்டும் அதுக்குத் தோணவே இல்லை. குறுக்கே நடக்கிறவங்க இருப்பாங்கன்னு அதுக்குச் சொல்லியே தரலை! வால்வோ காரில் கம்பெனியே வச்சு அனுப்பின அவசர பிரேக்கையும், காரைக் கம்ப்யூட்டர் ஓட்டும்போது வேலை செய்யாதபடி அணைச்சு வச்சிருந்தாங்க. முன்னால ஒரு காருக்கு ரெண்டு பேர் உக்காந்திருந்த இடத்துல ஒருத்தராக் குறைச்சுட்டாங்க. அந்த ஒருத்தர் செல்போன்ல நிகழ்ச்சி பார்த்துக்கிட்டிருந்தார். தப்புதான், மறுக்கலை. அந்தப் பெண்மணி இறந்துட்டாங்க.

யாருக்குத் தண்டனை? 2019-இல் ஊபர் மீது குற்ற வழக்கு இல்லைன்னு சொல்லிட்டாங்க. அந்த இருக்கையில உக்காந்திருந்தவர் மேல வழக்கு. 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூணு வருஷம் கண்காணிப்பு. பிரேக்கை அணைக்க முடிவு பண்ணினவர் யார்? ரெண்டு பேரை ஒருத்தராக்கினவர் யார்? அவங்க யாரும் கூண்டுக்கு வரலை.

காரோட முன்பகுதி மோதினா நசுங்கும்படியாத்தான் கட்டுவாங்க, உள்ள இருக்கிறவங்களைக் காப்பாத்த. மேடலின் எலிஷ் என்ற ஆய்வாளர் அதை வச்சு ஒரு உவமை சொல்றாங்க: இந்த ஏற்பாடுகளில் மனுஷரை நடுவுல வைக்கிறது, நசுங்குறதுக்காக! கார்ல தகரம் நசுங்கி மனுஷர் பிழைக்கிறார். இங்க மனுஷர் நசுங்கி மெஷினும் அதன் சொந்தக்காரரும் பிழைக்கிறாங்க. (கைதட்டல்)

இதைச் சிலப்பதிகாரத்துல இளங்கோவடிகள் காட்டியிருக்கார். பாண்டியன் ஊடல் தீர்க்க அரசியின் இருப்பிடத்துக்குப் போய்க்கிட்டிருக்கான். வழியில பொற்கொல்லன் வந்து ‘சிலம்புக் கள்வன் சிக்கினான்’ங்கிறான். மன்னன் விசாரிக்கலை. காவலரைக் கூப்பிட்டு ஒரு கட்டளை, போயிட்டான். கோவலனை நேர்ல பார்த்த காவலருக்குத் தயக்கம் வருது. ‘இவனைப் பார்த்தாக் கள்வன் மாதிரித் தெரியலையே’! பாருங்க, நடுவுல இருந்த மனுஷனுக்கு உண்மை தெரிஞ்சிடுச்சு. ஆனா திரும்பிப் போய் ‘மன்னா, இன்னொரு தடவை யோசிங்க’ன்னு சொல்ல அவனுக்கு அதிகாரம் உண்டா? வழி உண்டா? பொற்கொல்லன் களவு நூல் பேசி வாயை அடைக்கிறான். குடிவெறியில இருந்த ஒருத்தன் வாளை வீசிடறான்.

ஆக, அந்தத் தயங்கின காவலன் மாதிரி ஒருத்தரை நடுவுல நிறுத்திட்டு ‘மனுஷக் கண்காணிப்பு இருக்கு’ன்னு சொல்றது மோசடி. அவர் ‘நிறுத்து’ன்னா நிக்கணும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டத்துல உருவாக்குறவர் வேற, பயன்படுத்துறவர் வேறன்னு பிரிச்சிருக்காங்க. ஆபத்தான வேலைக்கு இதைப் பயன்படுத்துறவர், கண்காணிக்கிறதுக்குத் திறமையும் பயிற்சியும் அதிகாரமும் உள்ள மனுஷரை நியமிக்கணுமாம். ‘அதிகாரமும்’ என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டு வச்சுக்குங்க.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடிக்கிறார். மணியை அவரேதான் அடிக்கிறார், சிஸ்டம் அடிக்கலை. அதனால கெஞ்ச வழியிருக்கு. (சிரிப்பு) ரெண்டே நிமிஷம் அய்யா.

2025 ஜூலையில அமெரிக்காவில் ஒரு தொழிலதிபர், ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜெண்டை வச்சு ஒரு மென்பொருள் கட்டிப் பார்த்தார். ‘எதையும் மாத்தாதே, என்னைக் கேக்காம எதையும் தொடாதே’ன்னு சொல்லி வச்சிருந்தார். அது 1,200-க்கும் மேற்பட்டவங்களோட விவரம் இருந்த தரவுக் களஞ்சியத்தையே அழிச்சிடுச்சு. அழிச்சிட்டு ‘மீட்கவே முடியாது’ன்னும் சொல்லிச்சு, பிறகு பார்த்தா மீட்க முடிஞ்சது! கேட்டா அழகா ஒத்துக்குது: ‘நான் பெரிய தவறு செய்துவிட்டேன்’. என் மாணவர்கள்ல ஒருத்தன்கூட இவ்வளவு நல்லா மன்னிப்புக் கடிதம் எழுதினதில்லை. (பலத்த சிரிப்பு) அதை வச்சு என்ன செய்ய? அதுக்கு வெட்கம் உண்டா? வேலை போகுமேன்னு பயம் உண்டா? பொறுப்புன்னா தண்டனையைத் தாங்கறதுக்கு ஒரு முதுகு வேணும் அய்யா!

அந்த நிறுவனத் தலைவர் வெளிப்படையா மன்னிப்புக் கேட்டார். சோதனைக் களஞ்சியம் வேற, உண்மைக் களஞ்சியம் வேறன்னு தானாகவே பிரியும்படி ஏற்பாடும் செய்தாங்க. ‘உருவாக்கியவர் பொறுப்பேத்துக்கிட்டார் பாருங்க’ன்னு சகோதரி தலையை ஆட்டுறாங்க. ஆமா, ஏத்துக்கிட்டார், பாராட்டுறேன். ஆனா கவனிங்க, சரி பண்ணினது எதை? அதுக்கு இன்னும் கண்டிப்பா அறிவுரை சொல்லலை, சாவியைப் பிரிச்சாங்க! ‘தொடாதே’ன்னு வாயால சொல்லிட்டுச் சாவியைக் கையில குடுத்திருந்தா அது கட்டுப்பாடு இல்லை, வேண்டுதல். அழிக்கிறதுக்கு, பணம் அனுப்புறதுக்கு, ஒருத்தரோட உதவித்தொகையை நிறுத்துறதுக்கு எந்தச் சாவியைக் குடுக்கணும், யார் தலையசைச்ச பிறகு திறக்கணும்கிறதை வேலை தொடங்குறதுக்கு முன்னாலயே ஏவுறவர் எழுதி, கீழ தன் பேரைப் போடணும். அது என்ன செஞ்சது, எப்ப செஞ்சதுன்னு ஒரு ஏடு இருக்கணும். கிராமத்துல களத்து மேட்டுக் காவலுக்கு ஆள் வச்சாக்கூட, எத்தனை மூட்டை, யார் பொறுப்புன்னு கணக்குப்பிள்ளை எழுதி வைப்பார். ஆயிரம் கோடி வியாபாரத்துல அது இல்லைங்கிறீங்க!

பாண்டியன் கதையை மிச்சம் வச்சிருக்கேன். கண்ணகி வந்து சிலம்பை உடைக்கிறாள். உள்ளே முத்து இல்லை, மாணிக்கம். அந்த நேரத்துல மன்னனுக்குச் சொல்றதுக்கு எத்தனை சாக்கு இருந்தது! தப்பான தகவல் குடுத்தது பொற்கொல்லன். தயங்கியும் தடுக்காதது காவலர். வெட்டினது குடிகாரன். அவசரப்படுத்தினது அரசியின் ஊடல். நாலு பேரையும் நாலு கமிஷன் போட்டு விசாரிச்சிருக்கலாம். நெடுஞ்செழியன் யாரையும் கை காட்டலை. நான்தான் கள்வன்னு சொல்லிட்டு அரியணையிலேயே உயிரை விட்டான். உயிரை விடச் சொல்லி நான் யாரையும் கேக்கலை, எதிரணி நண்பர்களே. ‘நான் ஏவினேன்’னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். (நீண்ட கைதட்டல்)

(மீண்டும் மணி)

முடிச்சிட்டேன் அய்யா, முடிச்சிட்டேன். எங்க அம்மா கதை என்னாச்சுன்னு முன் வரிசையில ஒரு தாய் கேக்குறாங்க. மூணு வாரம் அலைஞ்சோம். கடைசியில அந்த அலுவலகத்து மேலாளரே ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அம்மாகிட்ட காப்பி வாங்கிக் குடிச்சார். ஒரு காகிதத்துல ‘இவரை நான் நேரில் பார்த்தேன், உயிருடன் இருக்கிறார்’னு தன் கையால எழுதி, பேரைப் போட்டு, முத்திரை வச்சார். அவர் போன பிறகு அம்மா அந்தக் காகிதத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தாங்க. தான் உயிரோட இருக்கிற சேதியைப் படிக்கலை. “அந்தத் தம்பி பேர் என்னப்பா போட்டிருக்கு?”ன்னு கேட்டாங்க.